நாணயத்திற்குச் சான்று எது?

தமிழில் நாணயம் என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. கையிலுள்ள காசும் நாணயம். கொடுத்த சொல்லைக் காக்கும் நேர்மையும் நாணயம். காசை எண்ணிப் பார்த்துவிடலாம். நேர்மையை எப்படி எண்ணுவது? அதற்குச் சான்று எது? அச்சான்றை எவர் எழுதி வைப்பது? கடன் கொடுப்போரும் கேட்போரும் எக்காலத்திலும் எதிர்கொண்டு வந்த கேள்விகள் இவை. மலாயாவிலும் சிங்கப்பூரிலும் சொந்தத் தொழில் செய்து வாழ்ந்த தமிழர் வரலாற்றில் இக்கேள்விகளுக்குத் தனியிடம் உண்டு.

இந்நாடுகளின் தமிழர் வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் தோட்டப்புறத்தையே களமாகக் கொண்டனர். இரப்பர்க் காடு, இருப்புப்பாதை, துறைமுகம் என்பனவே அவ்வரலாற்றில் நிறைந்துள்ளன. மிகப் பெரும்பாலோர் சம்பளத்துக்கு உழைத்தவர்கள் என்பதால் அது முறையே. ஆயினும், எவரிடத்தும் சம்பளம் பெறாமல் தம் கைத்தொழிலையும் சிறுவணிகத்தையும் நம்பி வாழ்ந்த தமிழரும் தொடக்க நாள் முதலே இங்கு இருந்து வந்துள்ளனர். மாடு வளர்த்துப் பால் விற்றவர், சலவைத் தொழிலாளர், முடிதிருத்துவோர், பொற்கொல்லர், மளிகைக் கடைக்காரர், தேநீர்க் கடைக்காரர், நாளிதழ் விற்போர், பிற்காலத்தில் வாடகை வண்டியோட்டிகள், சிறு குத்தகையாளர் எனப் பலதிறத்தாரும் இதில் அடங்குவர்.

இவர்களுள் பலர் சம்பளக்காரரைவிட மிகுதியாக ஈட்டினர். வேறு சிலருக்குத் தொழிலில் வேலை கொடுக்கவும் செய்தனர். ஆனால், குடியிருக்க ஒரு வீடு வாங்க எண்ணி வங்கியின் வாயிலை மிதித்தபோது, அவர்களிடம் வேலை செய்த பணியாளருக்குக் கிடைத்த மதிப்புக்கூடச் சில வேளைகளில் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. பணியாளரிடம் சம்பளச் சீட்டு இருந்தது. முதலாளியிடம் அது இல்லை. இம்முரண்பாடு எவ்வாறு தோன்றியது என்பதை அறிய, ஒன்றரை நூற்றாண்டு பின்னோக்கிச் செல்லல் வேண்டும்.

கிட்டங்கியும் பேரேடும்

சிங்கப்பூர்த் தேங்க் சாலையில் நாட்டுக்கோட்டை நகரத்தார் எழுப்பிய தண்டாயுதபாணி கோயில் 1859ஆம் ஆண்டுக்குரியது. அதே ஆண்டில்தான் ஆங்கிலேயருடைய சார்ட்டர்டு வங்கியும் சிங்கப்பூரில் கிளை திறந்தது. ஓர் ஊரில் ஒரே ஆண்டில் தோன்றிய இவ்விரு நிறுவனங்களும் அக்காலக் கடன் உலகின் இரு முனைகளைக் காட்டுகின்றன. ஐரோப்பிய வங்கிகள் பெரும் வணிக நிறுவனங்களோடும் கப்பல் வாணிகத்தோடும் உறவு கொண்டன. தெருவோரத்தில் மிளகாயும் மஞ்சளும் விற்றவரை அவை அறியா. அறிய முற்படவும் இல்லை. அவர் பேசிய மொழி வங்கியாளருக்கு விளங்காது. அவர் எழுதிய கணக்கும் விளங்காது.

இந்த இடைவெளியில் நின்றவர்களே செட்டியார்கள். சிங்கப்பூரில் மார்க்கெட் தெருவிலும், பினாங்கில் பினாங்குத் தெருவிலும், கோலாலம்பூரில் அம்பாங் தெருவிலும் அவர்களுடைய கிட்டங்கிகள் அமைந்திருந்தன. நீண்ட ஒரு கூடத்தில் பல விலாசங்களின் முகவர்கள் வரிசையாக அமர்ந்திருப்பர். ஒவ்வொருவர் முன்னும் ஒரு மரப்பெட்டி. அப்பெட்டியே அவர்தம் அலுவலகம். முதலாளி செட்டிநாட்டில் இருக்க, முகவர் சில ஆண்டுத் தவணைக்கு இங்கு வந்து தொழில் நடத்தித் திரும்புவார். வங்கிகள் செட்டியார்களுக்குக் குறைந்த வட்டிக்குக் கடன் கொடுத்தன. செட்டியார்கள் தம் முதலையும் அதனோடு சேர்த்துச் சிறுவணிகர், ஈயச் சுரங்கம் நடத்தியோர், சிறுதோட்டக்காரர், அரசாங்க எழுத்தர் முதலியோருக்குக் கூடுதல் வட்டிக்குக் கொடுத்தனர். கடன் பெற்றோருள் தமிழரேயன்றிச் சீனரும் மலாய்க்காரரும் இருந்தனர்.

சம்பளச் சீட்டு இல்லாத ஒருவருக்குச் செட்டியார் எதனை நம்பிக் கடன் கொடுத்தார்? நிலப் பட்டா இருப்பின் அதனை ஈடாகப் பெற்றார். நகை இருப்பின் நகையைப் பெற்றார். புரோநோட்டு எழுதி வாங்கினார். இவற்றோடு, ஆளையும் அறிந்திருந்தார். கடை எந்தத் தெருவில் இருக்கிறது, நாள்தோறும் எத்துணை வாடிக்கையாளர் வருகின்றனர், சென்ற முறை வாங்கிய கடனை எந்த நாளில் கட்டினார் என்பனவெல்லாம் அவருடைய பேரேட்டில் இருந்தன. தராத நாளும் அங்கு எழுதப்பட்டது; தந்த நாளும் எழுதப்பட்டது. கடன்காரர் படிக்காதவராயினும் அவருடைய நாணயத்துக்கு எழுத்தில் ஒரு சான்று இருந்தது. ஆனால் அந்த ஏடு கடன் கொடுத்தவர் கையில் இருந்தது. இதனை மனத்தில் இருத்திக்கொள்ளல் வேண்டும். பின் வருவனவற்றுக்கு இதுவே திறவுகோல்.

அப்பேரேடுகள் தமிழில் எழுதப்பட்டவை. பற்று, வரவு, ஐந்தொகை என்னும் சொற்கள் அவற்றில் நாள்தோறும் புழங்கின. செட்டிநாட்டுச் சிறுவர் இளமையிலேயே எண்சுவடியையும் வட்டிக் கணக்கையும் மனப்பாடம் செய்தனர். இருபதில் ஒரு பங்கு மா, எண்பதில் ஒரு பங்கு காணி, முந்நூற்றிருபதில் ஒரு பங்கு முந்திரி என்னும் கீழ்வாய் எண்கள் அவர்தம் நாவில் நின்றன. கடல் கடந்த ஒரு நாட்டின் வாணிகத்தில் கணக்கு மொழியாகவும் தமிழ் ஆட்சி செய்தது என்பதைத் தமிழாசிரியர்கள் மாணவர்க்குச் சொல்லாமல் விடலாகாது.

இம்முறையைப் போற்றுவதற்காக இவை கூறப்படவில்லை. வட்டி கடுமையாக இருந்தது. கடனில் மூழ்கி நிலத்தை இழந்தவர் பலர். தோட்டப் பாட்டாளியும் ஏழைக் கூலியும் செட்டியாரின் பெட்டியடி வரைகூடச் செல்ல இயலாமல், கடைக்காரரிடமும் கைவட்டிக்குக் கொடுத்தோரிடமும் சிக்கினர். ஆயினும், சொந்தத் தொழில் செய்வோரை ஓர் ஆளாக அறிந்து எழுதி வைத்த நிறுவனம் அக்காலத்தில் அது ஒன்றே என்பதை மறுத்தற்கில்லை.

சட்டமும் போரும்

1929ஆம் ஆண்டில் தொடங்கிய உலகப் பொருளாதார வீழ்ச்சியில் இரப்பர் விலை சரிந்தது. கடன் கட்ட இயலாதோரின் நிலங்கள் செட்டியார் கைக்கு மாறலாயின. மலாய்க்காரர் நிலம் மலாய்க்காரரிடமே இருத்தல் வேண்டும் என்பதற்காக 1913ஆம் ஆண்டிலேயே மலாய் ஒதுக்கீட்டு நிலச் சட்டம் இயற்றப்பட்டிருந்தது. 1933ஆம் ஆண்டில் அது மேலும் இறுக்கப்பட்டு, அத்தகைய நிலத்தை மலாய்க்காரரல்லாதார் ஈடாகப் பெறவும் தடை வந்தது. நீரிணைக் குடியேற்றங்களில் 1935ஆம் ஆண்டில் வட்டித் தொழில் சட்டம் இயற்றப்பட்டது; மலாயாக் கூட்டரசு 1951ஆம் ஆண்டில் தனக்கெனச் சட்டம் செய்துகொண்டது. வட்டிக்குக் கொடுப்போர் உரிமம் பெறல் வேண்டும். கடன் விவரங்கள் எழுத்தில் அமைந்து கடன் பெறுவோர் கையொப்பம் பெற்றிருத்தல் வேண்டும் என்னும் விதிகள் நிலைபெற்றன. ஏமாற்றப்பட்ட எளியோரைக் காக்க இவை தேவைப்பட்டன.

இதனிடையே இரண்டாம் உலகப் போர் வந்தது. 1942 முதல் 1945 வரை சப்பானியர் ஆட்சியில் வாழைமரப் படம் அச்சிட்ட தாள்பணம் புழங்கியது. போருக்கு முன் வாங்கிய கடனை மதிப்பிழந்த அத்தாளைக் கொண்டு தீர்த்தோர் பலர். போர் முடிந்தபின் அக்கடன்கள் தீர்ந்தனவா, தீரவில்லையா என்னும் வழக்கு எழுந்தது. இதற்கெனவே மலாயாவில் 1948ஆம் ஆண்டில் தனிச்சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. முதலை இழந்த விலாசங்கள் பல தொழிலைச் சுருக்கிக்கொண்டு தாயகம் திரும்பின. எஞ்சியோரின் பிள்ளைகள் படித்து வேறு பணிகளுக்குச் சென்றனர். சிங்கப்பூர் மார்க்கெட் தெருவின் பழைய கிட்டங்கிகளும் நகரச் சீரமைப்பில் மறைந்தன. பேரேடுகள் மூடப்பட்டன. அவற்றோடு, சிறுதொழில் செய்தோரைப் பற்றி இரண்டு மூன்று தலைமுறையாகச் சேர்ந்திருந்த அறிவும் மூடப்பட்டது.

தமிழர் தொடங்கிய வங்கிகள்

செட்டியார்களுள் தொலைநோக்குடைய சிலர், பெட்டியடித் தொழிலின் காலம் முடிவதை முன்னரே உணர்ந்திருந்தனர். மு.சித.மு. சிதம்பரம் செட்டியார் 1937ஆம் ஆண்டில் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கினார். காரைக்குடி, சென்னை, இரங்கூன் ஆகிய மூன்று இடங்களில் ஒரே நாளில் அது திறக்கப்பட்டது. அடுத்துப் பினாங்கிலும் கிளை அமைந்தது. சென்னையில் 1907ஆம் ஆண்டில் பிறந்த இந்தியன் வங்கியும் இந்நாடுகளுக்கு வந்தது. தமிழ் பேசிய வணிகர் தம் மொழியில் பேசிக் கணக்குத் திறக்க இவ்வங்கிகள் இடமளித்தன.

1969ஆம் ஆண்டு சூலைத் திங்களில் இந்திய அரசு பதினான்கு பெரிய வங்கிகளை நாட்டுடைமையாக்கியது. அவற்றுள் இவ்விரண்டும் யுனைட்டெட் கமர்சியல் வங்கியும் அடங்கும். வெளிநாட்டு அரசுகளுக்கு உடைமையான வங்கிகள் தன் மண்ணில் இயங்குவதை மலேசியா ஏற்கவில்லை. அதனால் 1973ஆம் ஆண்டில் அம்மூன்றின் மலேசியக் கிளைகள் ஒன்றிணைந்து யுனைட்டெட் ஏசியன் வங்கி தோன்றியது. 1991ஆம் ஆண்டில் அதுவும் பேங்க் ஆப் காமர்சோடு இணைந்தது. பின்னர் நிகழ்ந்த இணைப்புகளில் அப்பெயரும் கரைந்துபோயிற்று. இந்தியாவில் எடுக்கப்பட்ட ஒரு முடிவு, பினாங்கிலும் கிள்ளானிலும் இருந்த சிறுகடைக்காரர் தம்மை அறிந்த வங்கியை இழக்கும் வழியைத் திறந்துவிட்டது என்பது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்றாகும்.

சம்பளமும் வீடும்

இதே காலத்தில் வேறொரு மாற்றம் நடந்தது. வீடு என்பது சம்பளத்தோடு பிணைக்கப்பட்டது. உண்மையில், இப்பிணைப்பு தமிழருக்குப் புதிதன்று. தோட்டத்து லயத்து வீடு நிருவாகத்துக்கு உரியது. வேலை இருக்கும் வரையே வீடும் இருக்கும். வேலையை விட்டு வெளியேறித் தனித்தொழில் செய்ய எண்ணியவர் முதலில் இழந்தது தம் கூரையைத்தான். தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், பாட்டாளிகளின் சிறு தவணைப் பங்குத்தொகையைத் திரட்டித் தோட்டங்களையே வாங்க 1960ஆம் ஆண்டில் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார். வேலையும் வீடும் ஒருசேரப் பறிபோகும் அச்சம் எத்துணைப் பெரிது என்பதற்கு அச்சங்கத்தின் தோற்றமே சான்று.

நகரத்திலும் சம்பளக்காரருக்கே வழி முதலில் திறந்தது. மலாயாவில் ஊழியர் சேம நிதிச் சட்டம் 1951ஆம் ஆண்டில் வந்தது. சிங்கப்பூரில் மத்திய சேம நிதி 1955ஆம் ஆண்டு சூலையில் நடைமுறைக்கு வந்தது. இரண்டும் முதலாளியும் தொழிலாளியும் சேர்ந்து செலுத்தும் முறையில் அமைந்தவை. முதலாளி இல்லாதவருக்கு அவற்றில் இயல்பான இடமில்லை. சிங்கப்பூரில் 1960ஆம் ஆண்டில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் பிறந்தது. 1964ஆம் ஆண்டில் மக்கள் வீட்டுடைமைத் திட்டம் தொடங்கியது. 1968ஆம் ஆண்டில் சேம நிதியைக் கொண்டே வீட்டுத் தவணையைக் கட்டலாம் என்னும் விதி வந்தது. அவ்விதி சிங்கப்பூரின் முகத்தையே மாற்றியது. தொழிற்சாலைப் பணியாளர் தம் கைக்கு வரும் சம்பளத்தைத் தொடாமலே வீட்டுக்கு உரிமையாளராக முடிந்தது. தேநீர்க் கடைக்காரரும் வீடு வாங்கலாம், தடையில்லை. ஆனால் அவர் மாதந்தோறும் தம் கல்லாப்பெட்டியிலிருந்து காசை எடுத்துக் கட்டல் வேண்டும். மழையால் வாணிகம் குன்றிய மாதத்திலும் தவணை குன்றாது.

மலேசியாவில் 1971ஆம் ஆண்டின் வீட்டுக் கடன் நிதிச் சட்டம் அரசு ஊழியர்களுக்கு வாய்ப்பளித்தது. ஆசிரியர், எழுத்தர், காவலர் ஆகியோர் அரசிடமே கடன் பெற்று வீடு வாங்கினர். தவணை சம்பளத்திலேயே பிடிக்கப்பட்டது. வங்கிகளும் சம்பளச் சீட்டின் அருமையை உணர்ந்தன. ஒரே ஒரு தாள். அதில் கடன் கேட்பவரின் பெயர், வருமானம், பிடித்தம் எல்லாம் அடங்கிவிட்டன. அவருடைய நாணயத்துக்கு ஒரு நிறுவனமே சான்று கூறியது. முன்பு செட்டியாரின் பேரேட்டில் இருந்த சான்று, இப்பொழுது முதலாளியின் அலுவலகத்துக்கு இடம் மாறியது. இரண்டிலும் இடமில்லாதவர், சொந்தத் தொழில் செய்தவர்.

கூட்டுப் பிடித்த கதை

வங்கி வழி அடைபட்டோர் தம்முள் ஒரு வழி கண்டனர். பத்துப் பேர் சேர்ந்து மாதம் ஆளுக்கு நூறு வெள்ளி இட்டால் ஆயிரம் வெள்ளி சேரும். அதனை முறைவைத்தோ ஏலம் கூறியோ ஒருவர் எடுப்பார். பத்து மாதத்தில் அனைவர் முறையும் முடியும். இதனைக் கூட்டு என்றனர். கடைக்கு முன்பணம், வண்டிக்கு முன்பணம், மகள் திருமணம், வீட்டுக்கு முன்பணம் எனப் பல தேவைகள் இதனால் நிறைவேறின. இங்குச் சான்று என்பது அண்டை வீட்டாரின் அறிவே. ஒருவர் ஏமாற்றினால் ஊரே அறியும்.

ஊர் பெரிதாகி, முகமறியாதோரும் சேர்ந்தபின் ஏமாற்றம் மிகுந்தது. மலேசியா 1971ஆம் ஆண்டில் சட்டம் இயற்றிக் கூட்டு நடத்துவதைத் தடை செய்தது. நாட்டின் சட்ட ஏட்டில் அச்சட்டத்தின் பெயரிலேயே கூட்டு என்னும் சொல் இடம்பெற்றுள்ளது. சிங்கப்பூர் அதே ஆண்டில் சீட்டு நிதிச் சட்டம் கொண்டுவந்து அத்தொழிலை உரிமத்துக்கு உட்படுத்தியது. இவையும் மக்களைக் காக்க வந்தவையே. ஆயினும், ஒரு வழி அடைக்கப்படும்போது அதற்கு ஈடாக மற்றொரு வழி திறக்கப்பட்டதா என்று கேட்பது வரலாற்று மாணவரின் கடமை.

ஓரளவு திறக்கப்பட்டது எனலாம். 1972ஆம் ஆண்டில் மலேசியாவில் கடன் பொறுப்புறுதிக் கழகம் அமைந்தது. ஈடு காட்ட இயலாத சிறு தொழில்களுக்கு அது வங்கியிடம் பொறுப்பேற்றது. ஆனால் அது தொழிலுக்கான கடன், குடியிருக்கும் வீட்டுக்கன்று. சொந்தத் தொழில் செய்வோர் வீட்டுக் கடனுக்கு அத்தகைய பொறுப்புறுதி வர மேலும் முப்பத்தாறு ஆண்டுகள் ஆயின. நிலையான வருமானம் இல்லாதோர் வீடு வாங்க உதவும் வீட்டுக் கடன் பொறுப்புறுதி நிறுவனத்தை மலேசிய அரசு 2008ஆம் ஆண்டில்தான் ஏற்படுத்தியது. கடன் கொடுப்பது வங்கி. பொறுப்பேற்பது அரசு நிறுவனம். பாய் விரித்துப் பெட்டியின் முன் அமர்ந்திருந்த பழைய இடையாளின் இடத்தை இப்பொழுது அரசு ஏற்றிருக்கிறது.

இன்றைய வங்கி வாயிலில்

இன்று ஒரு தையற்கடைக்காரர் மலேசிய வங்கியில் வீட்டுக் கடன் கேட்டால், தொழிற்பதிவுச் சான்றிதழ், பல மாத வங்கிக் கணக்கறிக்கை, வருமான வரி அறிக்கை, வரி கட்டிய பற்றுச்சீட்டு ஆகியன கேட்கப்படும். சம்பளக்காரர் நிரப்புவது பி.இ. பாரம், தொழில் செய்வோர் நிரப்புவது பி பாரம். தொழில் தொடங்கி ஓரிரு ஆண்டு ஆகாவிடில், விண்ணப்பம் பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும்.

இங்கு ஒரு கசப்பான உண்மையையும் கூறல் வேண்டும். ரொக்கத்தில் நடக்கும் தொழிலில் வரவு முழுவதும் ஏட்டில் ஏறுவதில்லை. வரி குறையும் என்று கருதிச் சிலர் வருமானத்தைக் குறைத்துக் காட்டுகின்றனர். வரி அலுவலகத்தில் ஏழையாக நின்றவர், வங்கியில் செல்வராக நிற்க இயலாது. தாம் எழுதிய எண்ணே அவருக்கு எதிராகச் சான்று கூறுகிறது. ஆனால் எல்லாரும் இத்தகையோர் அல்லர். ஒழுங்காக வரி கட்டியும், ஏற்ற இறக்கமுள்ள வருமானம் என்னும் ஒரே காரணத்தால் பின்தள்ளப்படுவோர் உளர். தீபாவளி மாதத்தில் நிறைந்து, அடுத்த மாதம் குறையும் தையற்கடையின் வருமானம், ஆண்டுக் கணக்கில் நிலையாகவே இருக்கலாம். மாதக் கணக்கில் பார்ப்பவருக்கு அது நடுக்கமாகத் தெரிகிறது.

பேங்க் நெகாரா 2001ஆம் ஆண்டு முதல் சி.சி.ரிஸ் எனப்படும் கடன் பதிவேட்டு முறையை நடத்தி வருகிறது. எந்த வங்கியில் எவ்வளவு கடன், கடந்த பன்னிரண்டு மாதங்களில் தவணை தவறியதா என்பன அதில் காணப்படும். இது ஒருவகையில் நாடு முழுமைக்குமான ஒரு பேரேடு. ஆயினும் பழைய பேரேட்டுக்கும் இதற்கும் வேறுபாடு உண்டு. இருபது ஆண்டுகள் கடை வாடகையைத் தவறாமல் கட்டியவர், மொத்த வியாபாரியிடம் வாங்கிய சரக்குக்கு நாள் தவறாமல் பணம் கொடுத்தவர், வங்கிக் கடன் ஒன்றும் வாங்கியிராவிட்டால் அவ்வேட்டில் அவருடைய பக்கம் வெறுமையாகவே இருக்கும். கடனே வாங்காத நாணயம், கடனுக்குச் சான்றாகாமற் போகிறது.

சிங்கப்பூரில் கணக்கு இன்னும் தெளிவாக எழுதப்பட்டுள்ளது. 2013ஆம் ஆண்டு சூன் திங்களில் சிங்கப்பூர் நாணய ஆணையம் மொத்தக் கடன் தவணைக்கு வரம்பு விதித்தது. அப்பொழுது அது மாத வருமானத்தில் 60 விழுக்காடு; 2021ஆம் ஆண்டு திசம்பரில் 55 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. மாறும் வருமானமாயின், அதில் குறைந்தது 30 விழுக்காட்டைக் கழித்த பின்னரே கணக்கிடல் வேண்டும். மாதம் 5,000 வெள்ளி நிலையான சம்பளம் பெறுபவர் 2,750 வெள்ளி வரை தவணைகளுக்கு ஒதுக்கலாம். சராசரியாக அதே 5,000 வெள்ளி ஈட்டும் தொழிற்காரரின் வருமானம் 3,500 வெள்ளியாகவே கொள்ளப்படும். அவருக்குரிய வரம்பு 1,925 வெள்ளி. இரண்டுக்கும் இடையே 825 வெள்ளி. மாதந்தோறும் வரும் இவ்வேறுபாடு, இருவர் வாங்கக்கூடிய வீட்டின் அளவையே மாற்றிவிடும்.

இவ்விதியை அநீதி என்று ஒரேயடியாகத் தள்ளிவிடுதல் முறையன்று. வங்கியில் இருப்பது பிறர் சேமிப்பு. அளவுக்கு மீறிக் கடன் கொடுத்துப் பின் வீட்டை ஏலத்தில் விடுவது கடன் வாங்கியவருக்கே பெருங்கேடு. கொரோனா நோய்த்தொற்றால் 2020ஆம் ஆண்டில் கடைகள் மூடப்பட்டபோது, அன்றாட வரவை நம்பியோர் முதலில் வீழ்ந்ததை அனைவரும் கண்டனர். வங்கியின் அச்சத்துக்குக் காரணம் உண்டு. ஆனால் அச்சம் வேறு, அறியாமை வேறு. ஆளை அறிந்த பின் மறுப்பது அச்சம். அறியாமலே மறுப்பது அறியாமை. விதி கூறும் 30 விழுக்காடு, பத்தாண்டுகள் ஏற்றமாய் நடந்த கடைக்கும் நேற்றுத் தொடங்கிய கடைக்கும் ஒன்றாகவே அமையும்போது, இவ்விரண்டுக்கும் இடையிலான வேற்றுமை மறைந்துவிடுகிறது.

மறுக்கப்பட்டோர் சிலர் எங்குச் செல்கின்றனர் என்பதும் அறிந்ததே. உரிமம் பெற்றோர் ஈடுள்ள கடனுக்கு ஆண்டுக்கு 12 விழுக்காடும், ஈடில்லாத கடனுக்கு 18 விழுக்காடுமே வட்டி பெறலாம் என்பது மலேசியச் சட்டம். ஆலோங் எனப்படும் உரிமமற்ற வட்டிக்காரர் எந்தச் சட்டத்துக்கும் கட்டுப்படுவதில்லை. அவர்களிடம் பேரேடும் இல்லை, இரக்கமும் இல்லை. தொழில் முடங்கிய மாதத்தில் வீட்டுத் தவணைக்காக அங்குக் கைநீட்டியவர், வீட்டையும் தொழிலையும் ஒருங்கே இழக்கும் நிலை நேர்கிறது.

ஏடு யார் கையில்?

அரசுகள் மெல்ல விழித்து வருகின்றன. மலேசியாவில் 2017ஆம் ஆண்டில் சுயதொழில் செய்வோருக்கான சமூகப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. வாடகை வண்டியோட்டிகள் முதலில் அதில் சேர்க்கப்பட்டனர். சிங்கப்பூரில் 2025ஆம் ஆண்டு சனவரி முதல் நடப்பிலுள்ள சட்டத்தின்படி, இணையத் தளங்களின் வழி வண்டியோட்டியும் உணவு கொண்டு சேர்த்தும் பிழைப்போருள் 1995ஆம் ஆண்டிலும் அதற்குப் பின்னரும் பிறந்தோர், சம்பளக்காரரைப் போன்றே வீட்டுக்கும் முதுமைக்குமாக மத்திய சேம நிதியில் சந்தா செலுத்தல் வேண்டும். தள நிறுவனமும் தன் பங்கைச் செலுத்தல் வேண்டும். 1955ஆம் ஆண்டில் மூடியிருந்த கதவு எழுபது ஆண்டுகளுக்குப் பின் சிறிது திறந்திருக்கிறது. எனினும், தனியாகக் கடை நடத்தும் முடிதிருத்துவோருக்கும் பூ விற்போருக்கும் அத்தகைய நிறுவனம் ஏதுமில்லை.

இவ்வரலாறு முழுவதிலும் ஓர் உண்மை ஊடாடி நிற்கிறது. சொந்தத் தொழில் செய்தவரின் நாணயத்துக்குரிய சான்று எக்காலத்தும் பிறர் கையிலேயே இருந்து வந்துள்ளது. செட்டியாரின் பேரேட்டில் இருந்தது. செட்டியார் சென்றபோது அது சென்றது. தமிழர் வங்கியில் இருந்தது. வங்கி கரைந்தபோது அது கரைந்தது. கூட்டில் அண்டை வீட்டாரின் நினைவில் இருந்தது. கூட்டுக்குத் தடை வந்தபோது அதுவும் பயனற்றதாயிற்று. சம்பளக்காரரின் சான்றை முதலாளி எழுதினார். தனித்தொழில் செய்தவரின் சான்றை எழுத எவரும் இல்லை. எனவே அவரே எழுதல் வேண்டும். நாள்தோறும் வரவையும் செலவையும் எழுதுவதும், கல்லாப் பணத்தை வங்கிக் கணக்கின் வழிச் செலுத்துவதும், உண்மையான வருமானத்துக்கு உரிய வரியைக் கட்டுவதும், வீட்டுச் செலவையும் கடைச் செலவையும் வேறு வேறாக வைப்பதும் சிறு செயல்களாகத் தோன்றலாம். அவையே அவருடைய சம்பளச் சீட்டு.

வங்கிகளுக்கும் ஒரு கடமை உண்டு. அவ்வாறு ஒழுங்காக எழுதப்பட்ட ஏட்டைப் படிக்க அவை கற்றுக்கொள்ளல் வேண்டும். வாடகைச் சீட்டும், மின்கட்டணச் சீட்டும், சரக்கு வாங்கிய சீட்டும் ஒருவரைப் பற்றி ஏதேனும் கூறுகின்றனவா என்று பார்த்தல் வேண்டும். தாம் கடன் கொடுத்த ஆளின் கடை எந்தத் தெருவில் உள்ளது என்பதை மரப்பெட்டியின் முன் அமர்ந்திருந்த முகவர் அறிந்திருந்தார். பன்மடங்கு கருவிகள் படைத்த இக்கால வங்கி, அதைவிடக் குறைவாக அறிந்திருப்பது பெருமையன்று.

தமிழ்ப் பள்ளிகளில் வணிகர், கைத்தொழிலாளர் பிள்ளைகள் பலர் பயில்கின்றனர். பாட்டும் இலக்கணமும் கற்கும் அம்மாணவர், பற்று என்றால் என்ன, வரவு என்றால் என்ன, ஐந்தொகை எவ்வாறு எழுதப்படும் என்பதையும் தம் மொழியிலேயே கற்றல் நன்று. ஒரு காலத்தில் சிங்கப்பூர் மார்க்கெட் தெருவின் வாணிகத்தைத் தமிழில் எழுதி வைத்த சொற்கள் அவை. முன்பு அவை கடன் கொடுத்தவர் ஏட்டில் இருந்தன. இனி அவை கடன் கேட்பவர் ஏட்டிலும் இருத்தல் வேண்டும்.